வாத்து பார்டரும் இரண்டாவது சிடியும்

23 செப்டம்பர் 2024, திங்கள்

கம்ப்யூட்டர் இன்றைக்கும் உடனே கிளம்பவில்லை. அது விழித்துக்கொள்வதற்குள் நான் வாசல் கூட்டி, சாமி படத்துக்குப் பூ வைத்து, ஒரு டீயும் குடித்து முடித்துவிட்டேன். இவர் மட்டும் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர் மாதிரி. சௌந்தர்யா பிறந்த அன்று இப்படி நிற்கவில்லை. டீக்கடையில் இருந்தார்.

பதினோரு மணி வாக்கில் வெண்ணந்தூரிலிருந்து ஒரு புது ஆள் வந்தார். சேலை டிசைனைப் பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "இத எங்கம்மா சொருகறது?" என்று கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரை முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், குனிந்து அடியிலும் பார்த்தார். இவர் கொஞ்சமும் கூச்சப்படாமல், "இதுக்கு அதெல்லாம் கெடையாதுங்க. நீங்க ஒரு பேப்பர்ல வரஞ்சு குடுத்துருங்க" என்றார். அந்த ஆள் வரைந்து கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். இனி வரமாட்டார். எங்கள் ஊர் இளம்பிள்ளையில் பாதித் தறிகளுக்கு டிசைன் அட்டையில் ஓட்டை குத்திக் கொடுக்கிற கடை இது. ஒரு பென் டிரைவ் சொருக ஓட்டை இல்லை.

புதுசு எப்போது வாங்குவது என்று மதியம் சோறு போடும்போது கேட்டேன். வழக்கமான பதில்தான். "அது என்னிக்கு நிக்குதோ, அன்னிக்கே புதுசு வாங்கிறலாம் புள்ள."

எத்தனை வருடமாக இதையே சொல்கிறார். அது நிற்கவே நிற்காது. எலி ஒயரைக் கடித்தது, எலிதான் செத்தது.

27 செப்டம்பர், வெள்ளி

விளக்கேற்றும்போது அது நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். உயிருள்ளதைச் சாகச் சொல்லிக் கேட்டால்தானே பாவம். சாயங்காலம் வரை நன்றாக ஓடியது.

28 செப்டம்பர், சனி

சௌந்தர்யா கோயம்புத்தூரிலிருந்து ஒரு மாத லீவில் வந்திருக்கிறாள். வந்ததும் வராததுமாக, "அப்பா, அந்தச் சிடி இன்னும் அதுக்குள்ளயேதான் இருக்குதா?" என்று கேட்டு வைத்தாள். அவ்வளவுதான், இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் புராணத்தை நான் கேட்பது எத்தனையாவது தடவையோ. எனக்குப் புரிந்த மட்டும் எழுதிவைக்கிறேன்.

எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருடம், ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக இரண்டு சிடி வந்ததாம். லினக்ஸ். முதல் சிடியில் இருப்பது கம்ப்யூட்டர் ஓடுவதற்குக் கட்டாயம் வேண்டியது. இரண்டாவது சிடி முழுக்க ஆட்-ஆன் பேக்கேஜ். பிடித்தால் ஏற்றிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். பந்தியில் சோறும் சாம்பாரும் எல்லா இலைக்கும் வரும், இரண்டாவது அப்பளம் கேட்டால்தான் வரும், அந்த மாதிரி. அது ஒவ்வொரு பேக்கேஜாகக் காட்டி "வேண்டுமா, வேண்டாமா" என்று கேட்டிருக்கிறது. யாரிடம் கேட்டது? பழைய ஃபேன் இறக்கையைக்கூட "எதுக்கும் இருக்கட்டும்" என்று பரணில் ஏற்றுகிற மனிதரிடம்.

ரஷ்ய மொழி அகராதி வேண்டுமா? எதுக்கும் இருக்கட்டும். சொந்தமாக ரேடியோ நிலையம் வைத்திருப்பவர்களுக்கான பேக்கேஜ்? எதுக்கும் இருக்கட்டும். இன்றைக்கு நிலா எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டும் கடிகாரம்? இருக்கட்டும். செஸ்? கட்டாயம். திரையில் இரண்டு கண், மவுஸ் போகிற பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்க்கும், வேறு ஒரு வேலையும் செய்யாது. அதுவும் இருக்கட்டும்.

கடைசியில் அட்டை குத்துகிற பஞ்சிங் மிஷினுக்கு வேண்டிய பேக்கேஜ் வந்தபோது டிஸ்க்கில் இடமில்லை. சோறு தின்ன வழி செய்கிற ஒரே பேக்கேஜ், அதற்கு மட்டும் வீட்டுக்குள் இடமில்லை. அதனால் அதை மட்டும் தினமும் காலையில் சிடியிலிருந்தே படித்துக்கொள்கிற மாதிரி இவருடைய பாலிடெக்னிக் சிநேகிதர் தனசேகர் ஏற்பாடு செய்து கொடுத்தார். அந்த பேக்கேஜை நம்பி ஓடுகிற பஞ்சிங் புரோகிராமை எழுதியதும் அவர்தான். அன்றிலிருந்து இரண்டாவது சிடி உள்ளேயே இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வந்து பொட்டு வைத்துக்கொண்டு உள்ளே போகும்.

"அது கடசீல வந்துச்சு, நான் என்ன பண்றது" என்கிறார் இவர், பஸ்ஸில் இடம் கிடைக்காதவருக்காக வருத்தப்படுவது போல.

கண்ணைப் பற்றிச் சௌந்தர்யா கேலி செய்ததும் இவர் அம்மாவுக்கு, என் அத்தைக்கு, கோபம் வந்துவிட்டது. "அத ஒண்ணும் சொல்லாத சாமி. வாரவங்க கண்ணு நம்ம கடை மேல படறதுக்கு முன்னால அது கண்ணு அவுங்க மேல படும். அதனாலதான் இத்தன வருசம் ஒரு தீங்கும் இல்ல." கடைக்கு வெளியே தொங்கிய திருஷ்டி பொம்மையை வெயிலில் வெளுத்துவிட்டது என்று போன வருடமே எடுத்துவிட்டார். உள்ளே கண் இருக்கும்போது அது எதற்கு என்பது அவர் கணக்கு.

செஸ் கதை தனி. மதியம் சாப்பிட்டதும் இவர் கம்ப்யூட்டரோடு ஒரு ஆட்டம் போடுவார். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஆனால் இந்த ஆடிப் பெருக்கு அன்று கம்ப்யூட்டரின் ராணியை வெட்டிவிட்டார். கீரைக்காரம்மா வரைக்கும் கூப்பிட்டுச் சொன்னார். அதோடு ஆட்டத்தை அப்படியே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். தினமும் திறந்து பார்க்கிறார், யோசிக்கிறார், மூடிவிடுகிறார். "ஜெயிக்கற நேரத்துல அவசரப்படக் கூடாது புள்ள." ஆடி போய் ஆவணி போய்ப் புரட்டாசியும் பாதி ஆகிவிட்டது.

2 அக்டோபர், புதன்

சேலைப் பேச்சு. சௌந்தர்யா கல்யாணம் தை மாதம். மாப்பிள்ளை கதிர் குமாரபாளையம். கூறைச் சேலை அவர்கள் வீட்டு முறை, வரவேற்புக்குக் கட்டுகிற பட்டு எங்கள் வீட்டு முறை. "என்ன டிசைன் வேணும்னு சொல்லு, வரையறேன்" என்றேன். தெரிந்தும் கேட்டேன்.

"அன்னம்தான்" என்றாள்.

அன்னம் இல்லை அது. வாத்து. நாலு வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்து இவளே கட்டம் கட்டமாகப் போட்டது. இரண்டு காலும் ஒரே பக்கம். வால் சீப்பு மாதிரி. தலையைவிடக் கண் பெரிசு. வாயைத் திறந்துகொண்டு யாரையோ திட்டுகிற மாதிரி நிற்கும். இவர் அதை அழிக்காமல் வைத்துக்கொண்டு, "உன் கல்யாணச் சேலைல இந்த அன்னந்தான் வரும் சாமி" என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டார். குழந்தை மறந்துவிடும் என்று நினைத்தேன். இவளுக்கா மறக்கும். எங்கள் வீட்டில் எதுவும் போகாது, எல்லாம் எதுக்கும் இருக்கும்.

வாத்து பார்டரோடு மேடையில் நிற்பாயா என்றேன். கதிரிடம் சொல்லிவிட்டாளாம். அவர், "எனக்கு வாத்துன்னா புடிக்கும்" என்றாராம். பையன் தேறுவான்.

பாலசுந்தரம் அண்ணன்தான் நெய்கிறார். அவர் தறியில் தீபாவளிச் சேலை ஓடிக்கொண்டிருக்கிறது. தீபாவளி முடிந்து பொங்கல் சேலைக்குப் பாவு நூல் ஏற்றுவதற்கு நடுவில் ஒரு சேலைக்குத்தான் இடம். "அட்டய மட்டும் தீபாவளி முடிஞ்ச கையோட குடுத்துருங்க. தவறுச்சுன்னா என்னைக் கேக்காதீங்க" என்றார். பிறகு படத்தைத் திரையில் குனிந்து பார்த்தார். போகும்போது, "வாத்துக்கு ஜரிகையாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

11 அக்டோபர், வெள்ளி. ஆயுத பூஜை

பொரி, கடலை, வாழைக்கன்று, பூசணிக்காய் எல்லாம் ஆயிற்று. பஞ்சிங் மிஷின், கத்தரி, என் ஸ்கேல், பென்சில் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். கம்ப்யூட்டருக்கு மாலை. இரண்டாவது சிடியை இவர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுவந்து வாழை இலையில் வைத்தார். முன்பெல்லாம் அதன் மேல்பக்கம் சிவப்பாக ஏதோ அச்சடித்திருக்கும். வருடாவருடம் பொட்டு வைத்துத் துடைத்துத் துடைத்து அது போய்விட்டது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே வெள்ளி.

"எந்தப் பக்கமுங்க வெக்கறது?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியாதா" என்று நல்ல அகலமாக ஒரு சந்தனப் பொட்டு வைத்தார், நடுவில் குங்குமம். கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

12 அக்டோபர், சனி

நின்றுவிட்டது.

காலையில் நல்ல நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரைப் போட்டார். கண் வந்தது. நிலாக் கடிகாரம் வந்தது. செஸ் வந்தது. ரஷ்ய அகராதி நன்றாக இருக்கிறது. பஞ்சிங் மட்டும் வரவில்லை, அதில்தான் திறக்கிற வாத்தும் வரவில்லை. சிடி உள்ளே சுற்றுகிற சத்தம் கேட்கிறது, விக்கல் எடுக்கிற மாதிரி, பிறகு நின்றுவிடுகிறது.

வெளியே எடுத்துப் பார்த்தார். முகமே மாறிவிட்டது. சிடியின் ஒரு பக்கம் முழுக்கக் கீறல். பொட்டு இருந்த பக்கம். பொட்டைக் காணவில்லை.

"பொட்ட யாரு தொடச்சது?"

அத்தை சமையலறையிலிருந்து நிதானமாக வந்தார். "நாந்தான் சாமி. காஞ்சு ஒட்டிக்கிச்சு. அப்படியே உள்ள போட்டா மிஷின்ல மாட்டிக்குமேன்னு காலைல குத்துவெளக்கோட சேத்துப் புளி போட்டுத் தேச்சு வெச்சேன். எப்படிப் பளபளன்னு இருக்குது பாரு."

புளி. தேங்காய் நார்.

இவர் தப்பான பக்கம் பொட்டு வைத்தார், அத்தை சரியாகத் தேய்த்தார். இரண்டு பேருக்கும் நல்ல எண்ணம். யாரைத் திட்டுவது? திட்டுவதற்கு வாய் வரவில்லை. என் வேண்டுதல்தான் பலித்திருக்கிறது. இத்தனை வருடம் காது கேட்காமல் இருந்துவிட்டு, அந்த வாத்து உள்ளே இருக்கிற இந்த நேரத்திலா கேட்க வேண்டும் சாமி? நான் புதுசுதானே கேட்டேன், எம் புள்ள சேலைய எடுத்துக்கச் சொன்னனா?

13 அக்டோபர், ஞாயிறு

சேலத்திலிருந்து ரிப்பேர்காரரை வரவழைத்தோம். கொண்டப்பநாயக்கன்பட்டியில் கடை வைத்திருப்பவர். மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டுச் செருப்பை வெளியே கழற்றிவைத்துவிட்டு வந்தார். டிஸ்க்கை வெளியே எடுத்து வேறு கம்ப்யூட்டரில் போடலாமா என்றதற்கு, "தொட எனக்குப் பயமா இருக்குதுங்க, தொட்டு நின்னுருச்சுன்னா?" என்றார். அதோடு நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

15 அக்டோபர், செவ்வாய்

வாத்துதானே, புதிதாக வரைந்தால் போகிறது, அட்டையை வேறு கடையில் குத்திக்கொள்ளலாம் என்றேன். பெரிய விஷயமா அது.

பெரிய விஷயம்தான். முதலில் இவர் வரைந்தார். கழுத்து வளைந்து, இறக்கை விரிந்து, நிஜமாகவே அன்னம் வந்துவிட்டது. "இது யாரு?" என்றாள் சௌந்தர்யா. பிறகு நான். மாங்காயும் சக்கரமும் கோபுரமும் வரைந்து பழகிய கை, கோணலாகப் போக மாட்டேன் என்கிறது. வேண்டுமென்றே கோணினால் குடித்துவிட்டு வந்த அன்னம் மாதிரி இருக்கிறது. அத்தை ஒன்று வரைந்தார். கோழி. குழம்புக்கு ஆகும்.

கடைசியில் அவளே உட்கார்ந்தாள். இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டாள், வாலைச் சீப்பு மாதிரி போட்டாள், எல்லாம் போட்டாள். அது இல்லை. "எனக்கே வரலம்மா" என்று சிரித்தாள். சிரித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது.

எனக்கும்தான். அந்த நாலு வயசுக் கை இப்போது யாரிடமும் இல்லை. அது அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

16 அக்டோபர், புதன்

தனசேகருக்குப் போன் போட்டார். அவர் இப்போது பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும், "இன்னுமாடா அது ஓடுது?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தாராம். அப்புறம் சொன்னது: அந்த பேக்கேஜில் புதிது எத்தனையோ வந்துவிட்டது, ஆனால் தான் அன்றைக்கு எழுதிய பஞ்சிங் புரோகிராம் புதியதைச் சீண்டாது. அதே பழையது வேண்டும். தேடிப் பார்த்தார், அதே வயதில் ஒன்று கிடைக்கவில்லை.

"எப்பிடியாச்சும் சிடிய ஒரே ஒரு தடவ படிக்க வெய்யி. படிச்சதும் வெளிய எடுக்காத, எனக்குப் போன் பண்ணு. டிஸ்க்குக்கே மாத்திருவோம்."

18 அக்டோபர், வெள்ளி

ஊரே வைத்தியம் சொல்கிறது. விளக்கெண்ணெய் என்கிறார் ஒருவர். வாழைப்பழத் தோல் என்கிறார் இன்னொருவர். பாலசுந்தரம் அண்ணன் ஜரிகை துடைக்கிற துணி கொடுத்தனுப்பினார். அத்தை விபூதி என்றார், சிடி பக்கம் அவர் வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. சௌந்தர்யாதான் போனில் பார்த்துப் பற்பசை என்றாள். வெள்ளைப் பசை, கலர் பசை ஆகாது. நடுவிலிருந்து வெளியே தேய்க்க வேண்டும், சுற்றித் தேய்க்கக் கூடாது.

கிராஃப் தாளில் டிசைன் வரைந்து பழகிய, கட்டம் தாண்டாத கை என்று என்னிடம் கொடுத்தார்கள். தேய்த்தேன், கழுவினேன், இவர் போட்டுப் பார்த்தார், விக்கல். மறுபடி தேய்த்தேன். வெள்ளிக்கிழமை வேறு. விளக்கேற்ற உட்கார்ந்தபோது என்ன கேட்பது என்றே தெரியவில்லை. இது செத்துப்போக வேண்டும் என்று வேண்டினவள் வாயாலேயே இது பிழைக்க வேண்டும் என்று கேட்டால் சாமி என்னைப் பற்றி என்ன நினைக்கும். கேட்டேன்.

20 அக்டோபர், ஞாயிறு

படித்துவிட்டது.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சும்மா ஒரு தடவை போட்டுப் பார்த்தார். விக்கினது, விக்கினது, பிறகு மடமடவென்று சுற்ற ஆரம்பித்தது. தனசேகருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவர் சொல்லச் சொல்ல இவர் தட்டினார். டிஸ்க்கில் இடமில்லை என்று வந்தது.

"ஏதாவது ஒண்ணத் தூக்குடா" என்றார் தனசேகர்.

ரஷ்ய அகராதி போனது. ரேடியோ நிலையம் போனது. அதற்கே இவர் கை தயங்கியது, நாளைக்கே ரேடியோ நிலையம் வைக்கப் போகிறவர் மாதிரி. இன்னும் பற்றவில்லை. அத்தை ஓடிவந்து திரைக்கும் இவருக்கும் நடுவில் நின்றுகொண்டார். "கண்ணுல மட்டும் கை வெக்காத சாமி. கல்யாண ஊட்ல கண்ண எடுப்பாங்களா?"

"அது தம்மாத்தூண்டுங்கம்மா, அத எடுத்தாலும் பத்தாது" என்றார் போனிலிருந்து தனசேகர். "செஸ்தான் பெருசா உக்காந்துருக்குது. அது போனா போதும்."

இவர் போனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். சிடி சுற்றிக்கொண்டே இருக்கிறது. எப்போது மறுபடி விக்கும் என்று யாருக்குத் தெரியும். சௌந்தர்யா, "வேண்டாம்பா, அந்த ஆட்டம் இருக்குதே, அன்னம் இல்லாட்டிப் போகுது" என்றாள். மனதாரச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இவர் செஸ்ஸைத் திறந்தார். ஆடியிலிருந்து அப்படியே நிற்கிற ஆட்டம். கொஞ்ச நேரம் பார்த்தார். "மூஞ்சி கழுவிட்டு வாரேன்" என்று எழுந்து பின்பக்கம் போனார்.

எனக்கு செஸ் தெரியாது. குதிரை ஒன்றுதான் அடையாளம் தெரியும். ஆனால் அது கட்டம். கட்டத்தில் இருப்பதைத் தாளில் இறக்குவதுதான் இத்தனை வருடம் எனக்குச் சோறு போட்ட வேலை. கிராஃப் தாளை எடுத்தேன். எந்தக் கட்டத்தில் எந்த உருவம், கறுப்பா வெள்ளையா, தலையில் முடியா, குல்லாயா, கோட்டை மதிலா என்று அப்படியே இறக்கினேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் தாளை மடித்து இடுப்பில் சொருகிவிட்டேன். அத்தை பார்த்துவிட்டார். பார்க்காத மாதிரி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வந்து உட்கார்ந்தார். தட்டினார். செஸ் போயிற்று. பேக்கேஜ் ஏறியது. பஞ்சிங் திறந்ததும் முதல் வேலையாக வாத்தைக் கூப்பிட்டார். வந்து நின்றது, வாயைத் திறந்துகொண்டு, எங்கள் எல்லாரையும் திட்டுகிற மாதிரி. நான் அழுதுவிட்டேன். வாத்தைப் பார்த்து அழுத முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

21 அக்டோபர், திங்கள்

மதியம் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போலப் போய் உட்கார்ந்தார். கை மவுஸுக்குப் போனது. பிறகு நிலாக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

6 நவம்பர், புதன்

அட்டை முழுக்கக் குத்தி, கோத்து, பாலசுந்தரம் அண்ணன் தறிக்குக் கொடுத்தாயிற்று. சிடி அன்றைக்குப் படித்ததோடு சரி, அப்புறம் படிக்கவே இல்லை. இவர் அதைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

24 நவம்பர், ஞாயிறு

சேலை வந்துவிட்டது. அரக்கு உடம்பு, பச்சை பார்டர், பார்டர் நெடுக ஜரிகையில் வாத்து. ஒன்றின் வாலை இன்னொன்று திட்டிக்கொண்டு வரிசையாகப் போகிறது. தறியில் இருக்கும்போதே வேடிக்கை பார்க்க ஆள் வந்துகொண்டிருந்ததாம். "ஆரம்பத்துல சிரிச்சேம்மா. நெய்ய நெய்ய எனக்கே ஆசையாப் போச்சு" என்றார் அண்ணன்.

சௌந்தர்யா இந்த வாரமும் வந்திருக்கிறாள். அடிக்கடி வருகிறாள். மாடியில் அவளும் நானும் என்ன செய்கிறோம் என்று இவருக்குத் தெரியாது. கல்யாணப் பேச்சு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

10 பிப்ரவரி 2025, திங்கள்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. எழுதக் கை வரவில்லை. ஒன்றை மட்டும் எழுதிவிட்டுத் தூங்குகிறேன்.

நேற்று வரவேற்பில் மாப்பிள்ளையின் பெரியம்மா சேலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "ஏனுங்க சம்பந்தி, இந்த அன்னப்பட்சி எத்தன லட்சணமா இருக்குதுங்க, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு இருபது வருடம் காத்திருந்திருக்கிறார். "ஆமாங்க, அன்னந்தாங்க" என்று நானே சொன்னேன்.

11 பிப்ரவரி, செவ்வாய்

வீட்டில் சத்தமே இல்லை. நான்கு டம்ளர் டீ போட்டு ஒன்று மிச்சம்.

2 மார்ச், ஞாயிறு

புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. நான் கேட்கவில்லை, அவராகவே போய் வாங்கி வந்தார். பென் டிரைவ் சொருக நாலு ஓட்டை. பழையது பஞ்சிங்குக்கு மட்டும் ஓரமாக ஓடுகிறது. அத்தைக்காகப் புதியதிலும் எங்கேயோ தேடி இரண்டு கண் ஏற்றச் சொல்லியிருக்கிறார். புதுக் கண் அவ்வளவு வேகமாகத் திரும்புவதில்லை என்று அத்தைக்குக் குறை.

செஸ்ஸும் அதிலேயே இருக்கிறதாம், ஏற்றக்கூட வேண்டாமாம். ஆடலையா என்றேன். "அதோட எனக்கு என்ன பழக்கம்?" என்றார். "அதுகிட்டத் தோத்தா என்ன, ஜெயிச்சா என்ன. அதுக்கு என்னையத் தெரியாது."

16 மார்ச், ஞாயிறு

சேலம் போனபோது ஒரு செஸ் பலகை வாங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தேன். இன்று மதியம் அவர் சாப்பிட்டுக் கை கழுவப் போனபோது மேஜையில் விரித்து, கிராஃப் தாளைப் பார்த்து ஒவ்வொரு காயாக வைத்தேன்.

வந்து பார்த்தார். முதலில் புரியவில்லை. பிறகு குனிந்து யானையைப் பார்த்தார், மந்திரியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். தன் ராணி நிற்கும் கட்டத்தில் விரலை வைத்து அப்படியே நின்றார். "இத எப்பப் புள்ள வரஞ்ச?" மூக்கை உறிஞ்சிக்கொண்டார். எனக்கும் ஏதோ ஆகிவிடும் போலிருந்தது, அதனால், "உக்காருங்க, உங்க ஆட்டந்தான்" என்றேன்.

"கம்ப்யூட்டர் பக்கம் யாரு ஆடறது?"

"நான்தான்."

சிரித்தார். சிரித்தால் சிரிக்கட்டும். நாலு மாதம் மாடியில் சௌந்தர்யாவிடம் கற்றுக்கொண்டது, அவள் போன பிறகு தினமும் போனில் கற்றுக்கொண்டது எல்லாம் அவருக்குத் தெரியாதே. ஆடியிலிருந்து யோசித்து வைத்திருந்த காயை நகர்த்தினார். நான் ஒன்று நகர்த்தினேன். வேகமாக இன்னொன்று நகர்த்தினார், என்மேல் அவ்வளவு இளக்காரம். எனக்கு முதன்முதலில் அடையாளம் தெரிந்த காய் எதுவோ அதைத் தூக்கி வைத்தேன். குதிரை. ராஜாவுக்குச் செக். அதே குதிரைக்கு அந்தப் பக்கம் அவர் ராணி. ராஜாவைக் காப்பாற்றினால் ராணி போகும்.

அத்தை எட்டிப் பார்த்து, "என்ன சாமி, இவன் பேசாம உக்காந்துருக்கான்?" என்று கேட்டார்.

"அவசரப்படக் கூடாதுங்க அத்தை" என்றேன்.

இதை எழுதும்போது மணி ஐந்து. டீ ஆறிப்போய்விட்டது. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். பலகையை எடுக்கக் கூடாது, நாளை மதியம் தொடரலாம் என்கிறார். இருக்கட்டும்.